செவ்வந்தியின் கொம்பும் ஒரு ரெஃபரலும்

"அண்ணே, ஒரு ரெஃபரல் போட்டு விடுங்கண்ணே."

மதுரையில் மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் நான். தன்னை வேலைக்குப் பரிந்துரைக்கச் சொல்லும் இந்த வாட்ஸப் வராத வாரம் இல்லை. கூடவே ரெஸ்யூம், அதில் நூலக மேலாண்மை ப்ராஜெக்ட். பத்துப் பேருக்கும் அதேதான். மேனேஜரிடம் நான் என்ன சொல்ல? "நம்ம ஊர்ப் பையன் சார்" என்றா?

போன வருடம் சேர்ந்த தம்பியின் கதை வேறு. அவன் மாமாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மல்லி விலை நின்ற இடத்தில் நிற்காது. துண்டுச்சீட்டுக் கணக்கு சாயங்காலம் இடிக்கும். போனிலேயே பில் போட ஒரு ஆப் எழுதினான். திரையில் சரியாக இருந்த 'செவ்வந்தி', பிடிஎஃபில் உடைந்தது. கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'ச' முதலில், கொம்பு அடுத்துத்தான் பதிவாகும். அதை இடப்பக்கம் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரலின் வேலை. அவன் எடுத்தாண்ட ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஆயத்த நிரல்) அந்த வேலையைச் செய்யவே இல்லை.

திருத்தம் எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அனுப்பினான். லைப்ரரியைப் பராமரிப்பவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தான். அந்தப் பராமரிப்பாளர் என் பழைய டீம்காரர். எட்டு மாதம் கழித்து நாங்கள் ஆள் தேடியபோது அவரே எழுதினார்: "சொன்னால் கேட்பான். டெஸ்ட் இல்லாமல் புரோகிராம் கோடு அனுப்ப மாட்டான்." இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கே அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திப்பவர். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்தான். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே.

தம்பியைப் போல நீங்களும் சொந்தமாக ஒரு சைட் ப்ராஜெக்ட் செய்யுங்கள். ஆனால் வேலையில் இருந்தால் ஆஃபர் லெட்டரை முழுக்கப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது எழுதும் கோடு யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கலாம். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை 2022-ல் ஐடி நிறுவனமான விப்ரோ வெளியேற்றியது; காசுக்கு இரட்டை வேலை பார்ப்பதை சைட் ப்ராஜெக்ட் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். சைட் ப்ராஜெக்டுக்கு ஆபீஸ் லேப்டாப்பும் வேண்டாம். நான் ஒரு வருட உழைப்பை அதில்தான் வைத்திருந்தேன். வேலையை விட்ட அன்று லேப்டாப்போடு அதுவும் போயிற்று.

தம்பியிடம் அந்த ஆப் பற்றிக் கேட்டேன். சிரித்தான். மாமா இன்னும் துண்டுச்சீட்டில்தான் எழுதுகிறாராம்.