பகா எண்: இலக்கணத்திலும் உண்டு, கணக்கிலும் உண்டு

214,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியைத் தாண்டிய ஒற்றைப்படை எண். இலக்கங்களைக் கூட்டினால் 46 வருகிறது, ஆகவே 3-ஆல் வகுபடாது. 5-ஆல் வகுபடாது என்பது பார்த்தாலே தெரியும். உண்மையில் 1-உம் அதே எண்ணும் தவிர வேறெதுவும் இதை மீதியில்லாமல் வகுக்காது. பள்ளியில் இதைத்தான் பகா எண் என்று படித்தோம். ஆங்கில வழிக்காரர்களுக்கு பிரைம் நம்பர்.

'பிரைம்' வந்தது இலத்தீன் 'ப்ரீமுஸ்' என்பதிலிருந்து. 'முதலாவது' என்று பொருள். அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் யூக்ளிட் சொன்ன சொல்லுக்கும் அதே பொருள்தான். இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'முதன்மை எண்' இந்த வழியில் வந்தது. தவறில்லை. ஆனால் எதில் முதன்மை என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது.

'பகா'வுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பகு என்றால் பிரி. பகாத எண், பகா எண். நன்னூல் படித்தவர்களுக்கு இது பழகிய வேர். 'செய்தான்' என்பதை செய், த், ஆன் என்று பிரிக்கலாம், அது பகுபதம். 'மரம்' என்பதை ம, ரம் என்று உடைத்து என்ன செய்ய? அது பகாப்பதம். "பகுப்பாற் பயனற்று" என்கிறது நன்னூல். 35 ஐந்தாகவும் ஏழாகவும் பகும், 31 பகாது. அதே கதைதான்.

ஒரு குறை உண்டு. 1-உம் பகாது, ஆனால் அது பகா எண் அல்ல. அதைச் சேர்த்துக்கொண்டால் 6-ஐ 2×3, 1×2×3, 1×1×2×3 என்று முடிவில்லாமல் எழுதலாம். ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க ஒரே வழிதான் என்ற விதி போய்விடும். இதைச் சொல் காட்டாது, வரையறைதான் காட்ட வேண்டும்.

சரி, 214 கோடி எண் பகாது என்று எப்படித் தெரிந்தது? 2-ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தால் வரும் எண் இது. வெறுமனே சோதித்தால் அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 1772-இல் கணித மேதை ஆய்லர் ஒரு சுருக்குவழியில் போனார்: இதற்குப் பகாக் காரணி (இதை மீதியில்லாமல் வகுக்கும் பகா எண்) இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் 2, 3, 5 என்று 307 வரை எதையும் தொடவே வேண்டாம், முதல் சோதனையே 311-இல்தான். வகுத்தால் மீதி 35. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிவரை எதுவும் வகுக்கவில்லை.

எதிர்ச்சொல் பகு எண். எழுதும்போது ஒரு கவனம்: 'பகா காரணி' அல்ல, பகாக் காரணி. 'பகாத' என்பதன் கடைசி எழுத்து போய் 'பகா' என நிற்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் வல்லினம் மிகும், செல்லாக் காசில் மிகுவதுபோல.