கையை விட்டால் நிற்கும் வண்டி

"பிரேக்கே கெடையாதுண்ணே. கைய எடுத்தா நின்னுரும்."

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் ஓர் அரிசிக் கிடங்கு. மூட்டை அடுக்கிய மரப்பலகையை, அதாவது பேலட்டை, அப்படியே தூக்கி நகர்த்தும் பேட்டரி பேலட் வண்டி ஒன்று புதிதாக வந்திறங்கியிருந்தது. அதைச் சுற்றி லோடுமேன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டப் பழகியிருந்த பையன் சொன்ன பதில்தான் மேலே இருப்பது. கேட்டவர் ஆயுசு முழுக்க முதுகில் மூட்டை சுமந்தவர். "பிரேக் இல்லாம என்னத்தப்பா வண்டி?" என்று முனகிவிட்டுத் தலைத்துண்டை உதறிக்கொண்டு போனார். இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு என்பதால், பையன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்று எனக்குத் தெரியும்.

பிரேக் இருக்கிறது. எந்நேரமும் பிடித்தபடியேதான் இருக்கிறது. சைக்கிளிலும் பைக்கிலும் நாம் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். இதில் எல்லாம் தலைகீழ். மோட்டார் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டை வலுவான ஸ்பிரிங்குகள் இறுக்கிப் பிடித்திருக்கும். அதையொட்டி ஒரு செம்புக்கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, ஸ்பிரிங்கை மீறி அழுத்தும் தகட்டை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கும். அப்போதுதான் சக்கரத்துக்கு விடுதலை. ஆக, மின்சாரத்தின் வேலை பிரேக்கை விடுவிப்பது. பேட்டரி தீர்ந்தாலும், ஒயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், மேலே இருக்கும் சிவப்புக் குமிழை யாராவது தட்டினாலும் வண்டி நின்றுவிடும். தட்டு தேய்ந்தாலும்கூட இடைவெளி அகன்று, காந்தத்துக்கு எட்டாமல் போய், பிரேக் விட மறுக்கும். கெட்டுப்போவதிலும் நல்ல பக்கமாகப் பார்த்துக் கெட்டுப்போகிற பொருள் உலகத்தில் குறைவு. இதற்கு ஒரே எதிரி அந்தத் தட்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு. ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டே போகும். கியர் பெட்டியில் கசிவு தெரிந்தால் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடக் கூடாது என்பது இதனால்தான்.

காந்தத்துக்கு மின்சாரம் எப்போது போக வேண்டும் என்று சொல்வது ஹேண்டில். நேராக நிமிர்ந்து நின்றால் பிரேக். தரையோடு படுத்தாலும் பிரேக். நடுவில், ஓட்டுபவர் நடந்துகொண்டே பிடிக்கிற சாய்வில் மட்டும்தான் வண்டி ஓடும். கையை விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஹேண்டிலை நிமிர்த்திவிடும். கட்டை விரலால் திருகும் முடுக்கியும் அப்படியே, விட்டதும் நடுவுக்கு வந்துவிடும். ஹேண்டிலின் நுனியில், ஓட்டுபவர் வயிற்றுக்கு நேராக, பெரிய பொத்தான் ஒன்று இருக்கும். பின்னால் பார்க்காமல் நடந்து சுவரில் முதுகு முட்டிவிட்டது, வண்டியோ நெருங்கி வருகிறது என்று வையுங்கள். பொத்தான் வயிற்றில் பட்ட கணமே மோட்டார் எதிர்த் திசையில் சுழன்று வண்டியை விலக்கிவிடும். தினமும் வேலை தொடங்கும் முன் ஆள் இல்லாத இடத்தில், சுமை இல்லாமல், மெல்ல ஓட்டி இந்தப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை. ஹாரனையும் சிவப்புக் குமிழையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

இவ்வளவு யோசித்துச் செய்த வண்டியை நம் ஆட்கள் ஒரு துண்டு ஒயரில் முடித்துவிடுவார்கள். ஒரு கிடங்கில் மூட்டை அட்டிகளுக்கு நடுவே சந்து குறுகல். ஹேண்டிலைச் சாய்க்க இடம் இல்லாமல் வண்டி அடிக்கடி நின்றிருக்கிறது. ஹேண்டில் நிமிர்ந்திருக்கும்போதே மெதுவாக ஊர்ந்து போக, ஆமைப் படம் போட்ட பொத்தான் அதிலேயே உண்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'கைராசிக்காரர்' ஒருவர் ஹேண்டில் அடியில் இருக்கும் சுவிட்சை ஒயரால் பிணைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த நிலையிலும் வண்டி ஓடும், எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு நாள் மத்தியானம், நிறுத்தியிருந்த வண்டியின் ஹேண்டிலில் சாய்ந்தபடி ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார். சாவி எடுக்கப்படவில்லை. முழங்கை முடுக்கியில் பட்டது. சுமையோடு நின்ற வண்டி கிளம்பி எதிர் அட்டியின் மூலையில் இடித்து, மேல் வரிசை சரிந்தது. அந்தச் சந்தில் அப்போது ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு "வண்டி தானா ஓடுதுண்ணே" என்று புகார் சொன்னார்கள். ஒயரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இடி எவ்வளவு பலமானது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் சகஜமாகிவிட்டது. ஒரு பேலட்டில் அப்படி 40 சிப்பம் என்றால் 1,040 கிலோ. பலகையும் வண்டியும் சேர்த்து 1,250 கிலோ என்று வைப்போம். நாம் நடக்கும் வேகமான மணிக்கு 5 கிலோமீட்டரில் அது போனால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,200 ஜூல். ஒரு சிப்பம் அரிசியை 15 அடிக்கும் சற்று மேலிருந்து காலில் போட்டால் கிடைக்கும் ஆற்றல் இது. நடை வேகம் தானே என்று ரப்பர் செருப்போடு ஓட்டுபவர்கள் யோசிக்க வேண்டிய எண். வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால்வாசியாகும், 15 அடி 4 அடியாகிவிடும். திருப்பத்தில் விரலைத் தளர்த்தச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

தூக்கும் வேலை எண்ணெயுடையது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு மோட்டார் பம்ப்பைச் சுழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெயைத் தள்ளும். சிலிண்டர் எழும்ப, அடியில் ஓடும் தண்டுகள், பேலட்டுக்குள் நுழையும் இரட்டைக் கரமான ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் உருளைகளைக் கீழே நெம்ப, ஃபோர்க் மொத்தமும் மேலே வரும். தரையிலிருந்து 85 மில்லிமீட்டரில் இருந்தது 200-க்குப் போகும், அவ்வளவுதான். ஒரு டன் சுமை 10 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டன் மேல் அமர்ந்தால் எண்ணெயின் அழுத்தம் 100 பார் ஆகிவிடும். லாரி டயரில் இருப்பது 8 பார் சுமார். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஃபோர்க் நுனி பேலட்டின் மறுபக்கம் வரை போயிருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். பாதியில் நிறுத்தித் தூக்கினால் உருளை கீழ்ப்பலகையின் மேலேயே இறங்கும், பலகை படாரென்று பிளக்கும். உடைந்த பலகையின் ஆணி அடுத்த சிப்பத்தைக் கிழிக்கும்.

லாரிக்குள் ஏற்றுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். லாரி டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் உள்ளே போகாதீர்கள். பேலட் வண்டியின் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் லாரி நகர்ந்தால் பயனில்லை. சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், குறுக்கே திருப்பக் கூடாது, நீங்கள் வண்டிக்கு நேர் கீழே நடக்காமல் ஓரமாக நடக்க வேண்டும்.

பழுது என்று என்னைக் கூப்பிடுவதில் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி, இல்லையென்றால் சக்கரம்.

ஈய-அமில பேட்டரி வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. 24 வோல்ட் என்றால் தலா 2 வோல்ட்டாக 12 அறைகள். சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில் ஒவ்வோர் அறையும் 2.4 வோல்ட்டைத் தாண்டும்போது, ஈயத்துக்குப் போக வேண்டிய மின்சாரம் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியாகக் கிளம்பும். அமிலம் அப்படியே இருக்கும், குறைவது தண்ணீர் மட்டும். அதனால் ஊற்ற வேண்டியதும் வெறும் தண்ணீர்தான், ஆசிட் ஊற்றக் கூடாது. எந்தத் தண்ணீர் என்பதில்தான் மதுரையில் எனக்குத் தினமும் சண்டை. போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் சுண்ணாம்பும் இருப்பது வாளியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். "கேன் தண்ணிதாண்ணே ஊத்துறோம், சுத்தமானது" என்பார்கள். குடிக்கிறவனுக்குச் சுத்தம், தம்பி. அதிலும் தாது உப்பு மிச்சம் இருக்கிறது. ஏசியில் சொட்டும் தண்ணீரும் குழாயின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டுதான் வருகிறது. டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். அதையும் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாடியே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து அமிலத்தோடு வழிந்து, பெட்டியை அரித்துவிடும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் அது மூழ்கும் வரை முன்பே கொஞ்சம் ஊற்றலாம்.

கிளம்பிய ஹைட்ரஜன் எங்கே போகும்? காற்றைவிட லேசு, நேரே தகரக் கூரைக்கு ஏறி அங்கே தேங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். சார்ஜ் போடும் மூலைக்கு மேலே ஜன்னலோ காற்றுப்போக்கியோ இருக்க வேண்டும். கீழே பீடி கூடாது. பேட்டரி மேல் ஸ்பேனரை வைக்காதீர்கள். கையில் மோதிரமும் காப்பும் வேண்டாம், இரண்டு முனையையும் இணைத்துவிட்டால் உலோகம் தோலோடு உருகும்.

சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அதிகம். 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. வேலை முடித்த சூட்டோடு செருகாமல், சற்று ஆறவிட்டு ராத்திரியில் சார்ஜ் போடுவது நல்லது. ஆனால் காலியாகவே நாள்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது, தகட்டில் சல்ஃபேட் உறைந்து கல்லாகிவிடும். சார்ஜை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்க வேண்டாம். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.28 காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். லித்தியம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. டீ குடிக்கும் நேரத்தில்கூடச் செருகலாம், அதற்குரிய சார்ஜரில் மட்டும்.

கடைசியாகச் சக்கரம். ஃபோர்க் நுனி உருளையின் விட்டம் 80 மில்லிமீட்டர்தான். வழியில் 5 மில்லிமீட்டர் சல்லி ஒன்று கிடந்தால், அதன்மேல் ஏற அந்த உருளை தாங்கும் எடையில் பாதிக்கு மேல் கிடைவாக்கில் தள்ள வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள லாரிச் சக்கரத்துக்கு ஏழில் ஒரு பங்கு போதும். ஒரே கல்லில் பேலட் வண்டி முட்டி நின்று மேல் சிப்பம் சரிவதும், லாரிக்கு அது தெரியவே தெரியாததும் இதனால்தான். துடைப்பமும் ஒரு பாதுகாப்புக் கருவி என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

கப்பலூர் வண்டிக்கு மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். "இழுவை இல்ல, சார்ஜ் சீக்கிரமே எறங்குது." வண்டியைக் காலியாக்கி, சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, முட்டுக் கொடுத்து அடியில் டார்ச் அடித்தேன். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. உருளையின் இரண்டு பக்கமும் அச்சோடு நூல் சுற்றியிருந்தது. சிப்பத்தின் வாயைப் பிரித்துத் தரையில் போடும் தையல் நூல்தான். உருண்டு உருண்டு இறுகி, பேரிங்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கிரீஸோடு கறுத்துக் கிடந்தது. கத்தியால் நறுக்கி, கொறட்டால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. உருளையை விரலால் சுண்டினேன். இப்போது சுழன்றது.

பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர். கறுக்காத நூலை மட்டும் பிரித்தெடுத்து விரலில் சுற்றினார்.

"இது எதுக்குண்ணே?"

"கோணி தைக்க ஆகும்ல" என்று மடியில் செருகிக்கொண்டார்.