தமிழில் கேட்டால் ஏன் அதிகச் செலவு? செயற்கை நுண்ணறிவின் டோக்கன் கணக்கு

ஈரோட்டுப் பக்கம் விதையும் உரமும் விற்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்ல, செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றை இணைத்திருக்கிறார். உபயோகத்துக்கு ஏற்பக் கட்டணம். "மஞ்சளுக்கு எப்ப உரம் வெக்கணும்னு இங்கிலீஷ்ல கேட்டா ஆகற செலவவிட, அதையே தமிழ்ல கேட்டா பல மடங்கு ஆகுதுங்க. கேள்வியும் ஒண்ணுதான், பதிலும் ஒண்ணுதான். அப்புறம் ஏனுங்க காசு மட்டும் கூடுது?"

செயற்கை நுண்ணறிவு வேலைகளை என்ன செய்யும் என்ற பெரிய விவாதத்தின் மையத்தில் இருக்க வேண்டிய கேள்வி இது. உலக அளவில் சுமார் 40 சதவீத வேலைகள் இதன் தாக்கத்துக்கு உட்பட்டவை என்று பன்னாட்டு நாணய நிதியம் 2024 ஜனவரியில் மதிப்பிட்டது. பணக்கார நாடுகளில் 60 சதவீதம், ஏழை நாடுகளில் 26 சதவீதம். ஆனால் இயந்திரத்தால் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்பது ஒன்று, அதைச் செய்யவிடுவது லாபமா என்பது வேறு. இயந்திரத்துக்கு ஆகும் செலவையும் மனிதருக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எந்த முதலாளியும் முடிவெடுப்பார். அந்தச் செலவு மொழிக்கு மொழி மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பது அழகான கணக்கு. பொறுமையாகப் பார்ப்போம்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் அடுத்து என்ன வரும் என்று கணித்துக் கணித்து எழுதுபவை என்பது இந்நேரம் எல்லோருக்கும் தெரியும். அவை கணிப்பது டோக்கன் என்ற துண்டை. ஒரு முழுச் சொல் ஒரு டோக்கனாக இருக்கலாம், பாதி எழுத்தும் இருக்கலாம். ஒவ்வொரு துண்டையும் எழுத மாதிரி முழுவதையும் ஒருமுறை ஓட்டியாக வேண்டும். 7,000 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாதிரி கற்றுச் சேமித்த எண்கள்) உள்ள மாதிரி என்றால், அளவுருவுக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என்று ஒரு டோக்கனுக்கே ஏறத்தாழ 14,000 கோடி கணக்குகள். மின்சாரம், சிப்பின் நேரம், நாம் காத்திருக்கும் நொடிகள் எல்லாம் டோக்கன் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறும். அதனால்தான் பத்து லட்சம் டோக்கனுக்கு இத்தனை டாலர் என்று விலை போடுகிறார்கள்.

சரி, துண்டு போடுவது யார்?

கணினிக்குள் எழுத்து என்பது எண்தான். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு, அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண், போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. அதிலும் உயிர்மெய் ஒரே குறி கிடையாது. 'மா' என்றால் ம, பிறகு கால். 'ம்' என்றால் ம, பிறகு புள்ளி. ஆக 'அம்மா' என்ற சொல் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, பதினைந்து பைட்டு. அந்த பைட்டுகளை வரிசையாக எழுதினால் இப்படி இருக்கும்: 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190. மதர் என்று ஆங்கிலத்தில் எழுத ஆறு பைட்டு போதும்.

எல்லா மும்மையும் 224-இல் தொடங்குவதைக் கவனியுங்கள். தேவநாகரி உள்ளிட்ட இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் அதுதான் தொடக்கம். அதையடுத்து 174 அல்லது 175 வந்தால் தமிழ்.

1994-இல் ஃபிலிப் கேஜ் என்பவர், சி யூசர்ஸ் ஜர்னல் என்ற நிரலாளர் இதழில், கோப்புகளைச் சுருக்க ஒரு வழியை எழுதினார். அடுத்தடுத்து அதிகம் வரும் பைட்டு ஜோடியைக் கண்டுபிடி, அதற்குப் புதுக் குறி ஒன்று கொடு, மறுபடி முதலிலிருந்து எண்ணு. மொத்த முறையும் இவ்வளவுதான். சுமார் இருபது ஆண்டு கழித்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரிக்கோ சென்ரிச், பாரி ஹாடோ, அலெக்சாண்ட்ரா பிர்ச் மூவரும் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் அரிய சொற்களைச் சமாளிக்க இதையே எடுத்தாண்டார்கள். இன்றைய மொழி மாதிரிகள் பலவற்றின் வாசலில் நிற்பது அந்தப் பழைய சுருக்கும் கணக்குதான்.

மளிகைக் கடையில் அதிகம் கேட்கிற அளவுகளை முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கி வைப்பார்கள். கேட்பாரில்லாததை அப்போதைக்கு அப்போது அள்ளி, நிறுத்துத் தர வேண்டும். டோக்கன் பட்டியலும் அப்படிப்பட்ட பொட்டல அடுக்குதான். தமிழ் உரையை மட்டும் கொடுத்து இந்தக் கணக்கை ஓட்டினால் முதல் சில சுற்றுகளிலேயே 224-உம் 174-உம் ஒரு பொட்டலமாகிவிடும். பிறகு அதனுடன் இன்னொரு 174 சேர்ந்து 'ம' பிறக்கும். பிறகு மயும் புள்ளியும் சேர்ந்து 'ம்'. எழுத்து என்றால் என்னவென்றே அறியாத ஒரு முறை, எண்ணி எண்ணியே நம் எழுத்துகளைக் கண்டெடுக்கிறது. இன்னும் ஓட்டினால் வீட்டில், மரத்தில், ஊரில் என்று எங்கும் திரும்பத் திரும்ப வரும் வால்பகுதி தனிப் பொட்டலமாகும். பள்ளியில் 'இல்' என்று நாம் பிரித்து எழுதிய ஏழாம் வேற்றுமை உருபு அது. இலக்கணம் படிக்காத இயந்திரம், இகரக் குறியும் லகரமும் புள்ளியுமாக அதை எடுத்து வைத்துக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது மலைப்பாகவே இருக்கிறது.

ஆனால் அடுக்கில் இடம் குறைவு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஜிபிடி-2 மாதிரியின் பட்டியலில் 50,257 டோக்கன்கள்: 256 பைட்டுகள், கட்டிய பொட்டலம் 50,000, உரை முடிந்தது என்று சொல்ல ஒன்று. பயிற்சிக்குக் கொடுத்த உரை ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலம். எனவே பொட்டலங்களும் ஆங்கிலத்துக்கே போயின. தமிழ் வந்தால் சில்லறையாக எண்ணித் தர வேண்டிய நிலை.

இதைவிட நுட்பமான தடை ஒன்றும் இருந்தது. பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒரு விதி உரையை வெட்டித் தரும். எழுத்துகளின் தொடர் ஒரு துண்டு, எண்களின் தொடர் ஒரு துண்டு, மற்றவை ஒரு துண்டு. வெட்டிய இடத்தைத் தாண்டிப் பொட்டலம் கட்ட முடியாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் அ, ம போன்றவை எழுத்து என்ற வகை. காலும் கொம்பும் புள்ளியும் சேர்குறி என்ற வேறு வகை. ஜிபிடி-2-இன் விதி சேர்குறியைத் தனியாகக் கருதவே இல்லை. ஆகவே நம் காலும் கொம்பும், காற்புள்ளி கேள்விக்குறிகளோடு சேர்ந்து 'மற்றவை'யில் விழுந்தன. 'அம்மா' என்ற சொல் அம, புள்ளி, ம, கால் என்று நான்காக வெட்டுப்பட்டது. உலகிலுள்ள தமிழ் நூல்கள் அத்தனையையும் பயிற்சிக்குக் கொட்டியிருந்தாலும் அது நான்குக்குக் கீழே இறங்கியிருக்காது. யாரும் வஞ்சகமாகச் செய்ததில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சிக்கலே இல்லாததால் விதி எழுதியவர் கண்ணில் படவில்லை, அவ்வளவே.

2024 மே மாதம் வந்த ஜிபிடி-4ஓ-இல் இந்த விதி மாறியது. சேர்குறிகள் எழுத்தோடு ஒன்றாக எண்ணப்பட்டன. பட்டியலும், அதற்கு முந்தைய ஜிபிடி-4-இல் இருந்த சுமார் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகப் பெருகியது. அப்போது ஓபன்ஏஐ காட்டிய மாதிரி உரையில் தமிழ் 116 டோக்கனிலிருந்து 35-க்கு இறங்கியது. அதே உரைக்கு ஆங்கிலத்தில் முன்பு 27, இப்போது 24.

இதைக் காசாக்கிப் பார்த்தால்தான் உறைக்கும். 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வந்தபோது பத்து லட்சம் டோக்கன் உள்ளே அனுப்ப 30 டாலர். அந்த உரையைப் பத்து லட்சம் முறை அனுப்பினால் ஆங்கிலத்துக்கு 810 டாலர், தமிழுக்கு 3,480. ஜிபிடி-4ஓ வந்தபோது விலை 5 டாலர். ஆங்கிலத்துக்கு 120, தமிழுக்கு 175. பதினான்கு மாதத்தில் தமிழின் செலவு இருபதில் ஒரு பங்காகிவிட்டது. ஈரோட்டு வாசகரின் சேவை இன்னும் பழைய பட்டியலில் ஓடுகிறது என்றே நினைக்கிறேன். தன் கடைக்கு வந்த உண்மையான கேள்விகளைக் கொடுத்து, எந்த மாதிரி எத்தனை டோக்கன் எண்ணுகிறது என்று பார்த்துவிட்டு மாறிக்கொள்ளட்டும். ஒவ்வொரு கேள்வியோடும் மறைவாகப் போகும் நிலையான கட்டளைகளை ஆங்கிலத்தில் எழுதினாலே கொஞ்சம் மிச்சமாகும்.

வேலைக்கு வருவோம். எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை வைத்து, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் கிடைத்தபோது என்ன மாறியது என்று பார்த்தார்கள். மணிக்குத் தீர்த்துவைக்கும் சிக்கல்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் 34 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொன்னவர்கள். சென்னையிலும் கோவையிலும் அதே வகை வேலை செய்யும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆங்கிலம் தெரிந்ததால் கிடைத்த வேலைக்குத்தான் இயந்திரம் முதலில் மலிவு விலையில் போட்டிக்கு வந்தது. தமிழில் தொழில் செய்பவருக்கு உதவியாக வர, அதே இயந்திரம் நான்கு மடங்கு கேட்டது. போட்டி ஆங்கில விலையில், உதவி தமிழ் விலையில் என்ற இந்த ஏற்றத்தாழ்வை வேலை இழப்பு விவாதங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

செலவு அதிகமாக இருப்பது தமிழில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்புதானே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கோ ஒரு நிறுவனம் வெட்டும் விதியைத் திருத்திப் பட்டியலை நீட்டியதும் அந்தச் சுவர் சரிந்துவிட்டது. நம் கையில் சாவி இல்லாத பூட்டை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது.

டோக்கன் பட்டியல் தயாரிக்க மீக்கணினி வேண்டாம். நல்ல மேசைக்கணினி போதும், நல்ல தமிழ் உரை நிறைய வேண்டும். அந்த உரையை இன்று திறந்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்: தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்க 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றும் நூலகம் திட்டம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழித் தரவுகளைப் பொதுவில் வெளியிடுகிறது. அரசு ஆணைகளும் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் மட்டும் இன்னும் பெருமளவு படமாகவும் பழைய எழுத்துருக்களிலும் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடு உரையாக மாற்றித் திறந்துவிடப் பணம் ஒதுக்க வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன். கணினிக்கு மிகவும் ஏற்ற மொழி தமிழே என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை அனுப்பும் அன்பர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். எல்லாம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டால் ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

தமிழுக்குப் பின்னால் இன்னும் நீண்ட வரிசை நிற்கிறது. ஒரே செய்திக்கு மொழிகளுக்கிடையே டோக்கன் எண்ணிக்கை 15 மடங்கு வரை வேறுபடுவதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் எல்லா மொழிக்கும் பொட்டலம் கட்டி முடியாது. எனவே பட்டியலையே கைவிடும் முயற்சிகள் நடக்கின்றன. 2024 டிசம்பரில் மெட்டா வெளியிட்ட பைட் லேட்டன்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதில் ஒன்று. ஒரு சிறிய மாதிரி ஒவ்வொரு பைட்டையும் பார்த்து, அடுத்தது எளிதில் ஊகிக்கக்கூடியதா என்று கணக்கிடும். எளிது என்றால் அதே துண்டு நீளும். கடினம் என்றால் அங்கே புதுத் துண்டு தொடங்கும், அப்போதுதான் பெரிய மாதிரி ஓடும். தமிழ் வாக்கியத்தின் நடுவில் 224 வந்தால் அடுத்தது 174 அல்லது 175 என்பது ஏறக்குறைய உறுதி. அந்த பைட்டுக்காகப் பெரிய மாதிரியை எழுப்ப வேண்டியதே இல்லை.