பிடித்த மீனைப் பல்லில் கவ்வாதீர்கள்

காவிரியிலும் அரசலாற்றிலும் வெண்ணாற்றிலும் ஓட்டம் நின்று, மதகடிப் பள்ளங்களிலும் குட்டைகளிலும் முழங்கால் அளவுத் தண்ணீர் மட்டும் மிஞ்சும் கோடை நாட்களில், எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒரே மாதிரியான நோயாளி வரத் தொடங்கிவிடுவார். உடம்பில் சேறு காய்ந்திருக்கும். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, இரத்தம் கலந்து ஒழுகும் எச்சிலைத் துண்டில் ஏந்திக்கொண்டிருப்பார். கேட்ட கேள்விக்குக் குரல் எழாது, கைச்சாடைதான் வரும். கூட வந்தவர்கள் சொல்லும் செய்தியும் மாறுவதில்லை: தூண்டிலில் மீன் விழுந்தது, அடுத்த இரையைக் கோப்பதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, பிடித்ததைப் பல்லில் கவ்விக்கொண்டார், அது தொண்டைக்குள் போய்விட்டது.

அண்மையில் வந்தவன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டு விடுமுறையில் இருந்த சிறுவன். வாயைத் திறந்து பார்த்தபோது அண்ணத்துக்குப் பின்னால் மீனின் உடல் மட்டும் தெரிந்தது, வால் இல்லை. “வாலைப் புடிச்சு இழுத்துப் பாத்தோம் டாக்டர், கையோட வந்துடுச்சு” என்றார் அவனுடைய சித்தப்பா. வால் கையோடு வந்த பிறகு வாழைப்பழம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இறங்காமல் போகவே, சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. சிறுவன் பிழைத்துக்கொண்டான். இதே போன்று வந்தவர்களில் சிலர் மருத்துவமனை வாசலை உயிரோடு எட்டவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனைக்கும் காரணமாக இருப்பது பெரும்பாலும் ஒரே மீன்தான். நம் பக்கத்தில் பனையேறிக் கெண்டை என்று அழைக்கப்படும் இந்த மீனைப் பற்றி, தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-இல் ஒரு பனை மரத்தின் மேல் இதைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயஸ் சங்கத்தின் இதழில் வெளியானது. மரம் ஏறுவது இருக்கட்டும், மழைக்காலத்தில் இது செவுள் மூடிகளைத் தரையில் ஊன்றி ஊன்றி வரப்பைக் கடந்து போவதை டெல்டா உழவர் எவரும் பார்த்திருப்பார். அந்தச் செவுள் மூடிகளின் ஓரம் முழுவதும் கூரிய பற்களாக இருக்கும். முதுகுத் துடுப்பில் 16 முதல் 20 வரை கெட்டியான முட்கள். அடிவயிற்றுப் பக்கத் துடுப்பிலும் பத்து வாக்கில் முட்கள் உண்டு. செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதனால், நீரை விட்டு எடுத்த பிறகும் பல மணி நேரம் இது உயிரோடு இருக்கும். “கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்” என்று காத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். அறுவை அரங்கில் நாங்கள் வெளியே எடுத்து வைத்த மீன், தட்டில் கிடந்தபடி செவுளை விரித்து மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு மிகுந்த வேதனை தரும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். வாலைப் பிடித்து இழுத்தால் மீன் வந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இதில் இல்லை. மீன் தலை முன்னால் இருக்கும்படி உள்ளே போகிறது. அப்போது முட்கள் உடம்போடு படிந்திருக்கும். செதில்களும் வழவழப்பாக வழிவிடும். பின்னோக்கி இழுத்த அந்த நொடியிலேயே முதுகு முட்கள் நிமிர்ந்து அண்ணத்தில் ஏறும், செவுள் மூடிகள் இரண்டு பக்கமும் விரிந்து தொண்டைச் சதையைக் கவ்வும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கிச் சீவியிருக்கும் சிறு கூர் மீனின் வாயை எப்படி விடாதோ, அப்படியே மீனின் முட்களும் மனிதனின் தொண்டையை விடுவதில்லை. மேலும் இழுத்தால் முள் இன்னும் ஆழமாக ஏறும், இரத்தம் பெருகும், வீக்கம் கூடும், அதுவரை மூச்சுக்கு எஞ்சியிருந்த இடுக்கும் அடைபடும். கடைசியில் வாலும் அறுந்துவிட்டால் எங்கள் கருவி பிடிப்பதற்கும் இடம் இல்லாமல் போகும். குறடு வைத்து இழுத்துவிட்டு வந்தவர்களின் தொண்டையை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

சோற்று உருண்டையும் வாழைப்பழமும் இதே அளவுக்குக் கெடுதல். சாப்பிடும்போது சிக்கிய சிறு மீன்முள்ளுக்கே அந்த வைத்தியத்தை நாங்கள் ஏற்பதில்லை. முழு மீன் தொண்டையில் நிற்கும்போது மேலிருந்து திணிக்கும் சோறு மூச்சுக்குழலுக்குள்தான் இறங்கும். தவிர, வயிறு நிறைந்தவருக்கு மயக்க மருந்து கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எங்கள் மயக்கவியல் மருத்துவர்களைக் கேட்டால் தெரியும். தயவுசெய்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நோயாளியால் இருமவோ, முனகவோ, மூச்சு இழுக்கவோ முடிகிறது என்றால், அவரை உட்கார வைத்து, முன்னால் குனியச் செய்து, எச்சில் வெளியே வழிய விட்டு, 108-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். படுத்தவுடன் நாக்கும் மீனும் சேர்ந்து பின்னால் சரியும். மூச்சு முழுதாக அடைபட்டு, சத்தமே வராமல், உதடு நீலம் பாரித்தால் அப்போது நிலைமை வேறு. ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்காமல், முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். அதற்கும் வழி திறக்கவில்லை என்றால், பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே விரல்களை மடக்கிய கை முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நினைவிழந்து சாய்ந்துவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். முள் மாட்டிய மீன் இதனால் கட்டாயம் வெளியே வந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் அது நூலளவு விலகினாலே காற்றுக்கு வழி கிடைக்கும், அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை.

எங்கே கொண்டுபோவது என்பதும் முக்கியம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் ஒருசேர இருக்கும் இடத்துக்கு வாருங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வழியில் ஊசி போட்டுத் தூங்கவைக்கும் இடங்களில் நிறுத்தாதீர்கள். நாங்கள் மீனை முதலில் இழுப்பதில்லை. சற்று உள்பக்கமாகத் தள்ளி முட்களைச் சதையிலிருந்து விடுவித்து, தேவைப்பட்டால் முட்களை வெட்டி, அதன் பிறகே வெளியே எடுக்கிறோம். சிலருக்கு அதற்கு முன்பே கழுத்தில் சிறு துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டியிருக்கும். “கழுத்தை அறுக்கப் போகிறீர்களா” என்று கேட்டு உறவினர்கள் கையெழுத்திடத் தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளிக்கு இழப்புதான். வீக்கம் வடிந்ததும் குழாயை எடுத்துவிடுவோம், துளையும் மூடிவிடும். மீனை எடுத்த அன்றே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுவதும் கூடாது. வீக்கம் சில மணி நேரம் கழித்துக் கூடலாம், குட்டைச் சேற்றின் கிருமிகள் காயத்தில் சீழ் பிடிக்க வைக்கலாம்.

நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் வாழும் டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த ஓடுநீர் வேண்டும். கரையில் போட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். அதைப் பூச்சித் தூண்டில் போட்டுப் பிடிப்பவர்கள் கைவலையும் தோளில் கூடையுமாகத்தான் ஓடையில் இறங்குவார்கள். அவ்வளவு எளிதில் அடங்காத மீனைப் பிடிக்கும் நம்மவர்களிடம் ஒரு பை கூட இருப்பதில்லை. நம் தாத்தாக்கள் இடுப்பில் ஓலைப் பறி கட்டிக்கொண்டு போனார்கள். பறி முடையத் தெரியாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி போதும், அரிசிச் சாக்கை வெட்டிக் கயிறு கோத்து இடுப்பில் கட்டினாலும் போதும். தலையைக் கடித்துக் கொல்லும் வழக்கமும் வேண்டாம். கரையில் இருக்கும் கல்லில் தட்டுங்கள். வற்றும் குட்டையில் கையால் துழாவிப் பிடிக்கும்போது, ஒரு கையில் மீன் இருக்கையில் அடுத்த மீன் காலில் தட்டுப்படும். முதல் மீன் வாய்க்குப் போவது அந்தக் கணத்தில்தான். கைக்கு இரண்டாவது மீன் வேண்டாம், கரைக்குப் போய் முதல் மீனைப் போட்டுவிட்டுத் திரும்புங்கள்.

“எனக்குப் பழக்கம் உண்டு, ஒன்றும் ஆகாது” என்பவர்களுக்கும் ஒரு சொல். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சிறு வயது முதலே மீன் பிடித்துப் பழகியவர்கள்தான். இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டே மீனைக் கவ்வி வைத்திருக்க அவர்களுக்குத்தான் துணிவு வரும். கூட்டாளி ஏதோ சொல்ல, சிரிக்கவோ பதில் சொல்லவோ வாய் சற்றுத் திறக்கும். மீன் ஒரு துள்ளு துள்ளும். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே இதைப் பழகுகிறார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால் நிறையும்வரை அவர்கள் நாள்தோறும் குட்டையில்தான் இருப்பார்கள். தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளையின் கையில் ஒரு வாளியைக் கொடுத்து அனுப்புங்கள் என்று பெற்றோரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.