எஞ்சின் சத்தம் அடங்கும், பேச்சுச் சத்தம் அடங்காது

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் பின்மனையில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். காலை ஏழு மணிக்குக் கலவை மெஷின் உருள ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓயாது. போதாததற்கு ஹாலில் தாத்தாவின் டிவி. சேர்த்து வைத்த காசில் ஒரு இயர்பட்ஸ் வாங்கினாள். மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். "சித்தி, பெட்டியில நாய்ஸ் கேன்சலேஷன்னு போட்டிருக்கு. காதுல வச்சா எல்லாமே அப்படியே கேக்குது."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் போட்டிருந்தது இஎன்சி (ENC). அவள் தேடியது ஏஎன்சி (ANC), அதாவது நம் காதுக்குள் வரும் இரைச்சலை எதிர்ஒலி கொண்டு அடக்கும் வசதி. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. இஎன்சி என்பது மைக்குக்கான வசதி. நீங்கள் போனில் பேசும்போது உங்கள் குரலை மட்டும் பிரித்தெடுத்து, சுற்றுப்புற இரைச்சலைக் கழித்து எதிர்முனைக்கு அனுப்பும். அதனால் நிம்மதி கிடைப்பது உங்களோடு பேசுபவரின் காதுக்கு. உங்கள் காதுக்கு அது எதுவும் செய்யாது. விலை குறைந்த இயர்பட்ஸ் பெட்டிகளில் இந்த இரண்டு எழுத்துச் சேர்க்கைகளும் எவ்வளவு பேரைக் குழப்புகின்றன என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, ஏஎன்சி உள்ளதையே வாங்கியிருந்தால் அவள் பிரச்சினை தீர்ந்திருக்குமா? பாதிதான் தீர்ந்திருக்கும். கலவை மெஷின் அடங்கியிருக்கும், டிவி அடங்கியிருக்காது. ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்பதும் புரிந்துவிடும்.

ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. நம் ஊர் வெயிலில் அது நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். ஆறு சிலிண்டர் டீசல் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சிலிண்டர்கள் எரிகின்றன. ஆக நொடிக்கு 75 அதிர்வு, 75 ஹெர்ட்ஸ். அந்த உறுமலின் ஒரு அலை முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை 4.7 மீட்டர் நீளம். பக்கத்து இருக்கைக்காரர் 'சரி' என்று சொல்லும்போது வரும் 'ச' ஒலியில் 5000 ஹெர்ட்ஸ் அளவிலும் அதிர்வுகள் உண்டு. அவற்றின் அலைநீளம் வெறும் 7 சென்டிமீட்டர். இரண்டையும் நாம் சத்தம் என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றைத் தடுக்கும் வழி இன்னொன்றிடம் செல்லாது.

தடுப்பதற்குப் பழைய வழி, காதை அடைப்பது. சுவர் ஒலியைத் தடுப்பதும் இயர்போனின் ரப்பர் முனை தடுப்பதும் ஒரே தத்துவம்தான். அலை வந்து மோதும்போது அந்தத் தடுப்பு அதிர்ந்தால்தான் மறுபக்கத்துக் காற்றும் அதிரும். ஒரு கனமான கதவை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுவது சுலபம், அதையே படபடவென்று ஆட்டச் சொன்னால் கை ஓய்ந்துவிடும். ஒலிக்கும் அப்படித்தான். நொடிக்கு 5000 முறை ஒரு தடுப்பை ஆட்ட முயலும் அலை தோற்றுப்போகும். நொடிக்கு 75 முறை நிதானமாகத் தள்ளும் அலை அதைத் தன்னோடு சேர்த்து ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடும். இரண்டு தெரு தள்ளிக் கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி நடந்தால், ஜன்னலைச் சாத்திய பிறகு பாட்டின் வரி கேட்காது, 'டம் டம்' மட்டும் வந்துகொண்டே இருக்கும். சுவரே தடுக்க முடியாததை அரைக் கிராம் சிலிக்கோன் ரப்பர் எப்படித் தடுக்கும்?

அங்கேதான் ஏஎன்சி வருகிறது. யோசனை பழையது. ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூயெக் 1930-களிலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பள்ளிப் பாடத்தில் படித்த குறுக்கீட்டு விளைவுதான் அது. ஓர் அலையின் முகடு வரும் இடத்தில், அதே அளவு அகடு (பள்ளம்) உள்ள இன்னொரு அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யோசனை காகிதத்தில் இருந்தது, ஆனால் அன்றைய வால்வுகளையும் ஒலிபெருக்கிகளையும் வைத்து அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது கடினமாக இருந்தது.

1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தார் அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பேராசிரியர் அமர் போஸ். வங்கத்தில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, ஆங்கிலேய அரசிடமிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த நோனி கோபால் போஸின் மகன் அவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்க முயன்றார். எஞ்சின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. தரையிறங்குவதற்குள் இரைச்சலை எதிர்அலையால் கழிக்கும் கணக்குகளை எழுதிப் பார்த்துவிட்டார். அது பொருளாக மாறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1986-இல் எங்கும் நிற்காமல், எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகள் அதன் முன்மாதிரிகளை அணிந்திருந்தார்கள். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது.

இன்று அதே வேலையை ஒரு புளியங்கொட்டை அளவிலான இயர்பட்ஸ் செய்கிறது. வெளிப்பக்கம் ஒரு மைக், வரப்போகும் இரைச்சலை முன்கூட்டியே கேட்கிறது. உள்பக்கம் இன்னொரு மைக், அழித்தது போக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டுத் திருத்துகிறது. இடையில் உள்ள சிப், எதிர்அலையைக் கணக்கிட்டு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இரண்டு மைக்கும் உள்ளதை 'ஹைபிரிட் ஏஎன்சி' என்பார்கள். ஒரே மைக் உள்ளதைவிட இது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும்.

இதில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. இரைச்சலின் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமானால், எதிர்அலை ஓர் அதிர்வின் அறுபதில் ஒரு பங்குக்குள் சரியாகப் பொருந்த வேண்டும். பேருந்தின் 75 ஹெர்ட்ஸ் உறுமலில் அது நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. சிப்புக்கு அது தாராளமான அவகாசம். 5000 ஹெர்ட்ஸில் அதே துல்லியத்துக்குக் கிடைப்பது நொடியின் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். பிசகினால் என்ன ஆகும்? ஓர் அதிர்வின் ஆறில் ஒரு பங்கு தவறினாலே இரைச்சல் கொஞ்சமும் குறையாது. அதற்கு மேல் தவறினால் கூடிவிடும். 5000 ஹெர்ட்ஸில் அந்த ஆறில் ஒரு பங்கு நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் காதுக்குழாயின் நீளமே இரண்டரை சென்டிமீட்டர்! மைக் இருக்கும் இடத்துக்கும் செவிப்பறைக்கும் இடையே உள்ள தூரமே கணக்கைக் குலைத்துவிடப் போதும். அதனால்தான் ஏஎன்சியின் பலம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அதற்கு மேலே காப்பாற்றுவது ரப்பர் முனை மட்டுமே.

இன்னொன்று, சீரான சத்தமாக இருந்தால் சிப் தன்னைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ரயில் ஏசி, விமானம், பேருந்து எஞ்சின் எல்லாம் அப்படிப்பட்டவை. குக்கர் விசில், ஹாரன், சுத்தியல் அடி எல்லாம் திடீரென்று வந்து போய்விடுபவை. அவற்றில் ஏஎன்சியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பேச்சுச் சத்தத்துக்கு வருவோம். பலர் ஏமாறுவது இங்கேதான். பேச்சில் கீழ் அதிர்வுகளும் உண்டு, ஆனால் சொல்லைப் புரியவைக்கும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. ஏஎன்சி கைவைக்க முடியாத இடம் அது. அது மட்டுமல்ல, ஏஎன்சியைப் போட்டதும் பக்கத்து மேசைப் பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதாகச் சிலர் சொல்வார்கள். அது பிரமை இல்லை. உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட காக்லியாவின் வாசலில் மேல் அதிர்வுகளுக்கான இடம், உள்கோடியில் கீழ் அதிர்வுகளுக்கான இடம். கீழ் அதிர்வு தன் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வாசலைக் கடந்துதான் போக வேண்டும், போகிற வழியில் மேல் அதிர்வுகளை மூடி மறைத்துவிடும். ஏசியின் உறுமல் அதுவரை பேச்சைப் பாதி மறைத்து வைத்திருந்தது. ஏஎன்சி அந்தத் திரையை விலக்கிவிடுகிறது.

ஆகவே வாங்கும் முன் உங்களைத் தொந்தரவு செய்யும் சத்தத்தைப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். ராத்திரிப் பேருந்திலோ ஏசி பெட்டியிலோ அடிக்கடி போகிறவரா? ஹைபிரிட் ஏஎன்சிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. வீட்டில் டிவி, அலுவலகத்தில் அரட்டை என்றால், சிப்புக்குக் கொடுக்கும் காசைவிடக் காதை நன்றாக அடைக்கும் முனைக்குக் கொடுப்பது மேல். ரப்பர் முனையே இல்லாமல் காது மடலில் சும்மா உட்காரும் வகை பார்க்க அழகு, போடவும் சுகம். ஆனால் இரைச்சலைத் தடுக்க வேண்டும் என்று வருபவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபெல் (ஒலி அளவின் அலகு) எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவு, எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று அர்த்தம் இல்லை.

காதை முழுதும் மூடும் பெரிய ஹெட்போன் நன்றாகத் தடுக்கும், ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்து ஒரு சந்து விட்டுவிடும். அப்புறம் வியர்வை. சித்திரை மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சந்து என்றேனே, எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான். ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் கீழ் அதிர்வுகள் அதன் வழியே வந்து போகும். பாட்டின் பேஸ் (கனத்த அடித்தொனி) காணாமல் போகும், ஏஎன்சியும் பாதி பலத்தை இழக்கும். பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் இருக்கும். பெரும்பாலானவர்கள் மாட்டி வந்ததையே வைத்துக்கொள்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கே இடது காதும் வலது காதும் வேறு அளவாக இருப்பதுண்டு. பொருந்திவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. எதையும் ஓட விடாமல், வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே குடத்துக்குள் பேசுவது போல முழங்கினால் காது நன்றாக அடைபட்டிருக்கிறது. எலும்பு வழியே வந்த உங்கள் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்பதால் வரும் முழக்கம் அது.

படிக்கவும் தூங்கவும் அமைதி மட்டுமே வேண்டும், பாட்டு வேண்டாம் என்பவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். அதை விரலால் உருட்டி மெல்லிய குச்சி போலாக்கி, மறுகையால் காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்து, உள்ளே வைத்து, விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். உருட்டாமல் சும்மா செருகிவிட்டு 'இது உபயோகமில்லை' என்று சொல்பவர்கள் நிறைய. எதைப் போட்டாலும் முழு அமைதி கிடைக்காது. 40, 50 டெசிபெல்லுக்கு மேல் குறைத்துவிட்டால் மண்டையோட்டு எலும்பு வழியாகவே ஒலி உள்காதை அடைந்துவிடும்.

இத்தனையும் வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. இரைச்சலான பேருந்தில் சாதாரண இயர்போனைப் போட்டால், இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10, 92-இல் இரண்டரை மணி நேரம்தான். தினமும் பேருந்தில் காலேஜுக்குப் போய்வரும் பிள்ளைக்கு அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஒலியை உணரும் உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் குறைந்தால் பாட்டையும் மெதுவாக வைத்துக் கேட்கலாம். ஏஎன்சியால் நமக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் சாலையைக் கடக்கும்போதும் தண்டவாளப் பக்கம் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிடுங்கள். அங்கே ஹாரன் கேட்டே ஆக வேண்டும்.

அக்கா மகளின் இயர்பட்ஸைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பதை வைத்தே சமாளித்தோம். மாட்டி வந்த நடுத்தர முனையைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் போட்டதும் இடது காது அடைந்தது, வலது காதுக்கு நடுத்தரமே சரியாக இருந்தது. டிவிப் பேச்சு முணுமுணுப்பாகக் குறைந்தது. மிச்சத்தை மறைக்க மழைச் சத்தம் ஒன்றை மெல்லிசாக ஓடவிட்டோம். மழையில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருப்பதால் சொற்கள் அதில் கரைந்துவிடும். கலவை மெஷின் மட்டும் முன்போலவே உள்ளே வந்துகொண்டிருந்தது. "அது பரவாயில்ல சித்தி, அது என்கிட்ட எதுவும் பேசலயே" என்று சொல்லிவிட்டு இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாள்.