இரண்டு எச்சரிக்கைகள், ஒரே சர்வர்

2013 நவம்பர் கடைசியில், அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் கணினி வலைக்குள் திருடர்கள் புகுந்திருந்தார்கள். குளிர்சாதன வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்தான் அவர்களுக்குக் கிடைத்த வழி. ஃபயர்ஐ என்ற பாதுகாப்புக் கருவி அந்த ஊடுருவலைக் கண்டுபிடித்து எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழுவும் மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவல் சொன்னது. கிட்டத்தட்ட அதே நாட்களில் சைமன்டெக் ஆன்டிவைரஸும் எச்சரித்தது. அது காட்டியதும் அதே சர்வரைத்தான். உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் பறிபோயின.

எச்சரிக்கைகள் இப்படித் தனித்தனியே வந்து கவனிக்கப்படாமல் போகும் ஆபத்து, ஐ.டி. சேவை நிறுவனங்களில் இன்னும் அதிகம். வாடிக்கையாளருக்கு ஒரு கருவி, கிளைக்கு ஒரு கருவி என்று ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் தனித் திரை. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதைத்தான் ஒருங்கிணைப்பு என்கிறார்கள்.

லாக்குகளை, அதாவது ஒவ்வொரு கருவியும் எழுதிவைக்கும் பதிவுகளை, ஒரே இடத்தில் கொட்டுவது சுலபம். அவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் கஷ்டம். ஒரே பணியாளர் மெயில் சர்வருக்கு மின்னஞ்சல் முகவரி, வலையின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கு ஐபி எண் (வலையில் கணினியின் முகவரி), லேப்டாப்பில் இருக்கும் ஏஜென்ட் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு ஒரு கணினிப் பெயர். அந்த ஐபி எண்ணும் நிலையானது இல்லை; காலையில் ஒருவரிடம் இருந்தது மாலையில் வேறொருவருக்குப் போயிருக்கலாம். அதனால் எந்த நேரத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்ற பதிவும் வேண்டும்.

அப்புறம் நேரம். பணியாளர் ஒரு போலி இணைப்பைக் கிளிக் செய்தது 10:15 என்கிறது மெயில் லாக், இந்திய நேரப்படி. வெளியே ஒரு புதிய சர்வரோடு தொடர்பு ஏற்பட்டது 4:47 என்கிறது ஃபயர்வால், உலகப் பொது நேரப்படி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் அது 10:17. இரண்டே நிமிட இடைவெளி! தனித்தனியே பார்த்தால் எவரும் கடந்துபோகும் இரண்டு வரிகள், சேர்ந்ததும் ஊடுருவலாகத் தெரிகின்றன. கணினிக் கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்லி 2022இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதன் மதிப்பு இங்கேதான் புரியும்.

இப்படிப் பொருந்தியதும் ஒருங்கிணைந்த கண்காணிப்பு மென்பொருள் அந்த லேப்டாப்பை வலையிலிருந்து துண்டிக்கும். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின்களையும் ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் திருடியவர் உள்ளேயே இருக்கலாம்.

சரி, எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் கணினி நிர்வாக மென்பொருள் வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியது. நேரடியாகப் பாதிக்கப்பட்டவை அறுபதுக்கும் குறைவான நிறுவனங்கள்தான், பெரும்பாலும் சேவை நிறுவனங்கள். அவற்றின் வழியே அது வாடிக்கையாளர் நிறுவனங்கள் 1,500 வரை போனது. ஸ்வீடனில் கூப் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2024 ஜூலை 19 அன்று தாக்குதலே இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

அதனால் கண்காணிப்பை ஒன்றாக்கலாம், அதிகாரத்தைப் பிரித்தே வைக்க வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி நிர்வாகக் கணக்கு. அப்டேட் முதலில் சில கணினிகளுக்கு மட்டும். தலைமை நிர்வாகியாலும் அழிக்க முடியாத இடத்தில் லாக்குகளின் இன்னொரு பிரதி.