அதிமதுரக் கசாயமும் பிரஷர் குளிசையும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் லயத்துக்கு லயம் இருமல்தான். கொத்தமல்லி, இஞ்சியோடு ஒரு துண்டு அதிமதுரத்தையும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். மருந்துக் கடையில் சிங்களத்தில் வெல்மீ என்று கேட்டாலும் இதே வேர்தான் தருவார்கள். மத்தியதரைக் கடல் ஓரத்திலும் மேற்கு, மத்திய ஆசியாவிலும் வளரும் பயறு இனச் செடி இது, நம் மலையில் விளைந்தது இல்லை.

இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். சீனியைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு, நாக்கில் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். தண்ணீரில் குலுக்கினால் சோப்புப் போல நுரைக்கும் பொருள் இது. சளியை இளக்கும் என்று சொல்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். தொண்டைக்கு இதமாக இருப்பதும் வெறும் நம்பிக்கை இல்லை: ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் போடும் முன் அதிமதுரத் தண்ணீரில் வாய் கொப்பளித்தவர்களுக்குப் பின்னால் தொண்டைவலி குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, விழுங்கினால்? குடலில் உள்ள பாக்டீரியா கிளைசிரைசினை உடைத்து வேறொரு அமிலமாக்கும், அது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். அங்கே கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலற்றதாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அந்த நொதியை இந்த அமிலம் முடக்கிவிட, மிஞ்சிய கார்டிசோல், உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் அல்டோஸ்டிரோனின் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். விளைவு: உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். 1946இல் நெதர்லாந்து வைத்தியர் ரெவர்ஸ் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார், புண் ஆறியது, ஆனால் சிலருக்கு உடம்பு வீங்கியது. இரண்டுமே ஒரே வேரின் வேலை.

கிளைசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் கணக்கு. அளவு வேருக்கு வேர் மாறும். நூற்றுக்கு 5 பங்கு என்று வைத்தால் 2 கிராம் வேரிலேயே அது வந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாள் இருமலுக்குக் குடிப்பது வேறு, மாதக்கணக்கில் தினமும் குடிப்பது வேறு. பிரஷர் உள்ளவர்களும், சிறுநீர் அதிகம் போகச் செய்யும் குளிசை எடுப்பவர்களும் இதைத் தொடக்கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் அந்தக் குளிசைகளில் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். கிளினிக்கில் 'என்ன மருந்து எடுக்கிறீங்க?' என்று கேட்டால் கசாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.